ரேடியோ நெல்லும் கைபேசியும்: காவிரிப் படுகையில் கருவிவழிக் கல்வி

தோற்றுவாய்

நெல்லுக்குப் பெயரிடுதல் தஞ்சை நாட்டு உழவர்க்குக் கைவந்த கலை. நிறம் பற்றிப் பெயர் பெற்றது கருங்குறுவை. வடிவு பற்றிப் பெயர் பெற்றது சீரகச் சம்பா. விளையும் நாளளவு பற்றிப் பெயர் பெற்றது அறுபதாங் குறுவை. இங்ஙனம் ஒரு நெல்லின் பெயரே அதன் இயல்பை உணர்த்தி நிற்றல் இந்நாட்டு வழக்கு. இவ்வழக்கிற்குப் புறம்பானதொரு பெயர் 1960களின் இடைப்பகுதியில் தோன்றியது. ‘ரேடியோ நெல்’ என்பது அது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த ஏ.டி.டி. 27 என்னும் வகைக்கு மக்கள் இட்ட பெயர் இது. இப்பெயர் நெல்லின் நிறத்தையோ வடிவையோ நாளளவையோ கூறவில்லை. அந்நெல்லைப் பற்றிய அறிவு உழவரை வந்தடைந்த வழியையே கூறுகின்றது. தூதின் பெயரைத் தூதால் வந்த பொருளுக்கே இட்டு வழங்கிய இவ்வாட்சி, சொல்லாராய்ச்சியாளர் கருத்தை மட்டுமன்றிக் கல்வி வரலாற்றை ஆராய்வோர் கருத்தையும் ஈர்த்தற்குரியது.

பள்ளியிலும் பணியிடத்திலும் கைபேசி கொண்டு கற்றல் இன்று பெரிதும் பேசப்படும் பொருள். இதனைப் பற்றி எழுதுவோர் பலரும், கற்பவர் தம் கருவியை உடன்கொண்டு செல்லுதல் இந்நூற்றாண்டில் தோன்றிய புதுமை என்ற எண்ணத்திலேயே தொடங்குகின்றனர். கருவி புதிது என்பதில் ஐயமில்லை. ஆயின், கற்கும் இடத்தையும் தொழில் செய்யும் இடத்தையும் ஒன்றாக்கும் முயற்சி காவிரிப் படுகையில் மிகப் பழைது. ஏடு, நூல்வண்டி, வானொலி, கைபேசி என அம்முயற்சி கொண்ட வடிவங்களை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். நான்கனையும் ஒரே அளவில் விரித்தல் நம் கருத்தன்று. ரேடியோ நெல்லே ஈண்டு நடுப்பொருள். கருவி யார் கையில் இருந்தது, அக்கருவி சொன்னவாறு சேற்றில் இறங்கிப் பணிசெய்தவர் யார் என்னும் வினாவை எல்லாவிடத்தும் எழுப்பிச் செல்வோம்.

ஏடும் எழுத்தாணியும்

ஓலைச்சுவடியை இன்று நாம் காப்பகத்துப் பொருளாகவே காண்கின்றோம். தஞ்சைச் சரசுவதி மகாலிலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் அதனைக் கண்டு பழகிய நமக்கு, அது ஒரு காலத்தில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கும் கருவியாக இருந்தது என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. ஏடெழுத மேசை வேண்டா. இடக்கையில் ஓலையைப் பற்றி, அக்கைப் பெருவிரலின் நகத்தில் எழுத்தாணியைத் தாங்கி, எழுத எழுத ஓலையை நகர்த்திச் செல்லுதல் முறை. ஆதலின் நின்றும் எழுதலாம். மரத்தடியில் குந்தியும் எழுதலாம். எழுத்தாணியும் ஓலை வாரும் கத்தியும் ஒரே பிடியில் மடங்குமாறு அமைந்த மடக்கெழுத்தாணி, வழிச்செல்வோர்க்கென்றே செய்யப்பட்டது போலும்.

திண்ணைப் பள்ளியில் மாணவன் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினான். பின்னரே ஓலை பெற்றான். அவன் கற்ற எண்சுவடியை இன்றைய கணக்கு நூல்போல் எண்ணுதல் பிழை. அது தொழிற்கல்வி நூல். அதன்கண் நெல்லிலக்கம் என ஒரு பகுதி உண்டு. செவிடு ஐந்து ஆழாக்கு. ஆழாக்கு இரண்டு உழக்கு. உழக்கு இரண்டு உரி. உரி இரண்டு நாழி. நாழி எட்டுக் குறுணி. குறுணி இரண்டு பதக்கு. பதக்கு இரண்டு தூணி. தூணி மூன்று கலம் என நெல்லளவு முழுவதும் வாய்பாடாக அமைந்திருந்தது. நிலப்பரப்பைக் கணக்கிடக் குழிமாத்து உதவியது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்னும் தஞ்சைக் கணக்கு நாவில் நின்றாலன்றி, களத்துமேட்டில் நின்று மேல்வாரமும் குடிவாரமும் பிரித்தல் இயலாது. கணக்குப்பிள்ளையும் கோயிற் பண்டாரமும் பண்ணைக் காரியக்காரரும் இப்பள்ளியில் உருவானவர்களே. களத்தில் ஐயம் எழுந்தால் அவர்கள் திண்ணைக்கு மீளவில்லை. வாய்பாடு நெஞ்சில் இருந்தது. சுவடி கையில் இருந்தது.

ஏட்டுக்கல்வியின் தனி இயல்பு ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. ஏடு பெற விரும்புவோன் அதனைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். உத்தமதானபுரத்து உ. வே. சாமிநாதையர் 1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தது முதல், 1876இல் பிள்ளை மறைந்தது வரை, கேட்டலும் எழுதலும் அவர்க்கு வெவ்வேறு தொழில்களாக இருக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தும் கற்போன் கைவழியே சென்றது. படியெடுத்தலும் படித்தலும் ஒன்றாக இருந்த காலம் அது. இன்று விரலால் ஒருமுறை தொட்ட அளவில் நூறு பேர்க்குப் படி போய்ச் சேர்கின்றது. அனுப்பியவர் அதனைப் படித்தாரா என்பது வேறு செய்தி.

பிள்ளையின் இளமைக் கல்வி பற்றிச் சாமிநாதையர் எழுதிய வரலாற்றில் (இரு பாகங்கள், 1933, 1934) ஒரு நிகழ்ச்சி வருகின்றது. தண்டியலங்காரத்தை நன்கு அறிந்த பரதேசி ஒருவர் திருச்சிராப்பள்ளியில் தெருத்தோறும் பிச்சை எடுத்து வந்தார். பிறர்க்குப் பாடம் சொல்ல அவர் எளிதில் இசைவதில்லை. பிள்ளை அவர் பின்னே தெருத்தோறும் நடந்து, அவர் மனங்கொள்ள ஒழுகி, அந்நூலைக் கற்றார். அணியிலக்கணம் ஒருவர்க்குத் தெருவில் நடந்துகொண்டே கிடைத்தது என்பதை, வகுப்பறைக்கு வெளியே கற்றலைப் புதுமையென வியப்போர் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஏட்டுக் காலத்தைப் பொற்காலமாகக் காட்டுதல் நம் நோக்கமன்று. சென்னை ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் ஆணையிட்டுத் தொகுப்பித்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. நாட்டுக்கல்வி செழித்திருந்தமைக்குச் சான்றாக இவ்வெண்ணைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அக்கணக்கு மாணவரைச் சாதி வாரியாகவும் ஆண் பெண் வாரியாகவும் பிரித்துக் காட்டுகின்றது. பெண்களின் எண்ணிக்கை அதில் மிகச் சிறிது. நெல்லிலக்கம் ஓதியவர் நெல்லை அளந்தவர். நெல்லை நட்டவர் அல்லர். பண்ணையாளின் பிள்ளைக்குத் திண்ணை திறக்கவில்லை. அவன் கல்வி தந்தையின் ஏர்பின் நடந்தும், தாயின் நாற்றுமுடியைச் சுமந்தும் பெற்ற கல்வி. அதற்குச் சுவடி இல்லை. நடவுப் பாட்டு இருந்தது.

நூல்வண்டி

அச்சுநூல் பெருகிய பின் கல்விக்கருவி கையினின்றும் நிலைப்பேழைக்கு ஏறியது. விலையும் எடையும் மிக்க நூலை உழவன் உடன்கொண்டு செல்லுதல் இயலாததாயிற்று. இதற்கு மாற்றுக் கண்டவரும் இப்படுகையினரே. சீகாழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபர் திங்களில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், எசு. வி. கனகசபைப் பிள்ளையின் முயற்சியால், மாட்டுவண்டியில் நூல்கள் ஏற்றப்பட்டு ஊர்தோறும் சென்றன. இந்தியாவின் முதல் நடமாடும் நூலகம் என இதனைப் போற்றுவர். நூலுக்குரியவர் ஒவ்வொருவர்க்கும் அவர்தம் நூல் கிடைத்தல் வேண்டும் என்னும் விதி, மாட்டின் கழுத்து மணியோசையோடு சிற்றூர்க்குள் நுழைந்தது. வண்டி திரும்பி வரும் நாள் வரை நூல் ஊரிலேயே தங்கியது. எழுத்தறிந்தவர் ஒருவர் படிக்க அறியாதார் சிலர் சூழ்ந்திருந்து கேட்டால் ஒரு நூலே பலர்க்குப் பயன்பட்டது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிய பின் இம்முயற்சிகள் அரசுத் துறையின் ஒழுங்கிற்குள் வந்தன. அவ்வரலாறு தனியே எழுதத்தக்கது. இங்கு இவ்வளவே அமையும்.

ரேடியோ நெல்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் வானொலிப் பெட்டி ஓரிடத்தில் நிற்கும் பொருளாகவே இருந்தது. ஊராட்சிக் கூடத்தில் பெட்டியும் வெளியே ஒலிபெருக்கியுமாக அமைத்து, மாலையில் ஊரார் கூடிக் கேட்பர். 1947இல் அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட டிரான்சிஸ்டர், பின்னிருபது ஆண்டுகளுக்குள் இந்நிலையை மாற்றியது. மின்னிணைப்பு வேண்டாத, மின்கலத்தால் இயங்கும் சிறுபெட்டி வரப்பிற்கும் களத்துமேட்டிற்கும் வந்தது. பணிசெய்யும் இடத்திலேயே பாடங்கேட்டல் அப்போதுதான் இயல்வதாயிற்று.

இக்காலத்தே தஞ்சை மாவட்டத்தில் வேறொரு முயற்சி நடைபெற்று வந்தது. 1960–61இல் நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியபோது, அவற்றுள் தஞ்சையும் ஒன்றாயிற்று. ஃபோர்டு அறக்கட்டளை இதற்கு உதவியது. விதை, உரம், கூட்டுறவுக் கடன், அறிவுரை ஆகிய அனைத்தையும் ஒருங்கே வழங்குதல் இத்திட்டத்தின் கொள்கை. ஒவ்வோர் உழவர்க்கும் அவர் நிலத்திற்கேற்பப் பண்ணைத் திட்டம் எழுதப்பட்டது. இதற்கென ஊர்தோறும் சென்ற கிராம சேவகர்கள் உழவரிடம் நேரில் பேசினர்.

ஏ.டி.டி. 27 இக்களத்தில்தான் இறங்கியது. நோரின் 10 என்னும் யப்பானிய நெல்லையும், கோவையில் 1921இல் வெளியிடப்பட்டுக் கிச்சிலிச் சம்பா என மக்களால் அறியப்பட்ட ஜி.இ.பி. 24 என்னும் நெல்லையும் இணைத்துப் பெற்ற கலப்பு இது. ஏறத்தாழ 105 நாளில் விளைவது. உரத்தை ஏற்று மிகுதியாக விளைவது. குறுவைப் பருவத்திற்கெனவே அமைந்தது.

குறுவை என்னும் இச்சொல்லில் அக்காலக் கல்வியின் தேவை முழுவதும் அடங்கியுள்ளது. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பின், சூன் 12ஆம் நாளை ஒட்டி நீர் விடுதல் மரபாயிற்று. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கும். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட காலத்துள் நாற்றுவிட்டு, நட்டு, அறுத்து, அதே வயலில் தாளடியும் தொடங்குதல் வேண்டும். நீண்டநாட் சம்பாவில் ஒரு வாரம் பிந்தினால் பெருங்கேடு இல்லை. 105 நாள் நெல்லில் நாற்று ஒரு வாரம் முதிர்ந்தால் தூர் குறையும். அறுவடை ஒரு வாரம் பிந்தினால் கதிர் மழையில் கிடக்கும். ஆகவே இந்நெல்லைப் பயிரிடுவோர்க்கு வேண்டிய அறிவு, ‘என்ன செய்வது’ என்பதைவிட ‘இன்று என்ன செய்வது’ என்பதே. ஏட்டினால் இதனைக் கற்பித்தல் இயலாது, வண்டிநூலாலும் இயலாது. நாள்தோறும் பேசும் கருவிக்கே இது கூடுவது. வானொலி வென்றமைக்கு அதன் புதுமையோ கவர்ச்சியோ முதற்காரணம் என நாம் கருதவில்லை. நெல்லின் நாளும் வானொலியின் நாளும் பொருந்தின. இப்பொருத்தமே காரணம் என்க.

வானொலியும் தனித்து நிற்கவில்லை. 1956இல் யுனெசுகோவின் துணையுடன் புனே வட்டாரத்துச் சிற்றூர்களில் வானொலிக் கிராம மன்றங்கள் நடத்தப்பட்டன. கேட்டல், கலந்து பேசல், செய்தல் என்பது அவற்றின் நெறி. கேட்டபின் கூடிப் பேசிய ஊரில் அறிவு நிலைத்ததை அம்முயற்சி காட்டியது. 1966 முதல் பண்ணைக்கும் இல்லத்திற்கும் உரிய தனி ஒலிபரப்புப் பிரிவுகள் திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட நிலையங்களில் அமைந்தன. உழவர் தம் ஐயத்தை அஞ்சலட்டையில் எழுதுதலும், ஒலிபரப்பில் விடை வருதலும், விளைவித்து வென்ற உழவரே தம் குரலில் பேசுதலும் இந்நிகழ்ச்சிகளின் இயல்பாயின. காற்றில் வந்த சொல்லைப் பின்தொடர்ந்து கிராம சேவகர் வந்தார்; அவரைப் பின்தொடர்ந்து கூட்டுறவுச் சங்கத்தில் விதையும் உரமும் வந்தன. சொல் முன்னும் பொருள் பின்னுமாக வந்தமையின், மக்கள் முன்வந்ததன் பெயரையே நெல்லுக்கு இட்டனர்.

‘ரேடியோ நெல்’ என்னும் பெயரை எடுத்தாளும் தொடர்பியல் ஆசிரியர் பலர், வானொலி ஒன்றே ஒரு நெல்லைப் பரப்பிவிட்டது என்பதற்கு இதனைச் சான்றாக்குவர். மேற்கூறியவற்றால் இம்முடிபு பொருந்தாமை தெளிவு. விதைப்பண்ணையும் கடனும் நேரில் வந்து பேசும் ஆளும் இல்லாதவிடத்து வானொலி என்ன செய்திருக்கும் என்பது எண்ணத்தக்கது. பெயர் உண்மையை உணர்த்தும். ஆயின் உண்மை முழுவதையும் உணர்த்தாது. அந்நெல்லுக்குரிய இடர்ப்பாட்டையும் மறைத்தல் ஆகாது. அறுவடை மழையில் சிக்கிய ஆண்டுகளில் ஈரநெல் களத்திலேயே முளைவிட்டது. வெயில் இல்லாத நாளில் நெல்லைக் காயவைக்கும் வழியை எவ்வளவு நல்ல ஒலிபரப்பும் கைக்குக் கொண்டுவந்து தந்துவிட இயலாது.

கேளாத செவிகள்

இனி, இப்பெயரை இட்ட ‘மக்கள்’ யாவர் என்பதை ஆராய்வோம். டிரான்சிஸ்டர் பெட்டி விலை கொடுத்து வாங்கப்பட்டது. அதற்கு அஞ்சலகத்தில் உரிமமும் பெறுதல் வேண்டும். நெல்லாகக் கூலி பெற்ற பண்ணையாளுக்கு அது எட்டாத பொருள். ஊராட்சிப் பெட்டியோ எனின், அது ஊருக்குள் இருந்தது. ஆந்த்ரே பெத்தேய் 1961–62இல் திருவையாற்றுப் பகுதியில் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூலை அறிந்தோர், அக்கால ஊரமைப்பு அக்ரகாரம், குடியானவர் தெரு, சேரி என மூன்றாகப் பிரிந்து கிடந்தமையை அறிவர். பொதுவிடத்தில் ஒலித்த குரல் எல்லாச் செவிக்கும் உரியதாக இருந்தது எனக் கொள்ளுதற்கு இவ்வமைப்பு இடந்தரவில்லை.

பாடத்தின் உள்ளீடும் கருதற்பாலது. எவ்விதையைத் தேர்வது, எத்துணை உரமிடுவது, எச்சங்கத்தில் கடன் பெறுவது என்பன நிலத்தின்மேல் அதிகாரம் உடையவர் முடிவு செய்வன. ‘உழவர்களே’ என்று ஒலிபரப்பு விளிக்குங்கால், அவ்விளி ஏர் பிடித்தவனை நோக்கியது போல் ஒலித்துப் பட்டா உடையவனையே சென்று சேர்ந்தது. வாய்மொழிக் குத்தகையில் பயிரிட்டவர்க்கு அது பாதியளவே பயன்பட்டது. குத்தகைக்கு ஆவணம் இன்மையால் கூட்டுறவுக் கடன் அவர்க்கு எளிதாக இல்லை. இந்நிலையைப் பிரான்சின் பிராங்கெல் 1971இல் வெளியிட்ட தம் நூலில் தஞ்சை பற்றி எடுத்துக்காட்டியுள்ளார். நாற்றின் வயது, நடவின் இடைவெளி, குத்துக்கு இத்துணை நாற்று என வானொலி சொன்ன யாவும் நடவுப் பெண்டிர் கையில்தான் நிறைவேறின. அவரோ வானொலியைக் கேட்டு நடவில்லை. வரப்பில் நின்ற காரியக்காரர் ஏவலைக் கேட்டு நட்டனர். பணியிடத்திற்குக் கருவி வந்தது. பணி செய்வாரிடம் வரவில்லை.

விளைவு பெருகிய அதே ஆண்டுகளில் கூலி பற்றிய பூசலும் பெருகியது. கீழைத் தஞ்சையில் கூலி நெல்லை உயர்த்தித் தருமாறு கேட்ட தொழிலாளர்க்கும் நிலவுடைமையாளர்க்கும் இடையே எழுந்த பகை, 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் எரிந்து மாண்ட கொடுமையில் முடிந்தது. இறந்தோருள் பெரும்பாலோர் பெண்டிரும் சிறாரும். 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இதனை வானொலியின் வரலாற்றோடு இணைத்தல் மிகையென ஒருவர் கூறலாம். வானொலி இதற்குக் காரணம் என நாம் கூறவில்லை. மிகுவிளைச்சல் பற்றிய அறிவு ஒரு சாராரிடம் நாள்தோறும் வந்து சேர்ந்தது. அவ்விளைச்சலில் தமக்குரிய பங்கு பற்றி மறுசாரார் பேச ஓர் ஒலிவாங்கி இல்லை. ரேடியோ நெல்லின் வரலாற்றை எழுதுவோர் வெண்மணியை வேறொரு நூலுக்குரிய பொருளாக விலக்கிவிடுதலை நாம் ஏற்பதற்கில்லை.

கைபேசிக் காலம்

இந்தியாவில் முதற் கைபேசி உரையாடல் 1995 சூலை 31ஆம் நாள் நடைபெற்றது. அடுத்த பத்தாண்டுக்குள் அது சிற்றூர் எய்தியது. 2004 அக்டோபரில் எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இணைந்து முதலிற் திறந்த ஊரக வள மையங்கள் மூன்றனுள் ஒன்று திருவையாற்றில் அமைந்தது. 2018 ஏப்பிரலில் தமிழக அரசு ‘உழவன்’ செயலியை வெளியிட்டது. அதே ஆண்டின் புதிய பாடநூல்களில் விரைவுக் குறிகள் அச்சிடப்பட்டன. கைபேசியை அக்குறிமேல் காட்டினால் பாடத்திற்குரிய ஒளிப்படம் திறக்கும். 2023இல் ‘மணற்கேணி’ என்னும் பள்ளிச் செயலியும் வந்தது. தொட்டனைத்தும் ஊறும் கேணியைக் கல்விக்கு உவமையாக்கிய குறளிலிருந்து பெயர் கொண்டமை தமிழாசிரியராகிய நமக்கு மகிழ்ச்சி தருவதே.

கைபேசி மூன்று வகையில் வானொலியினும் மேம்பட்டது. கேட்டதைச் சேமித்து வைத்து வேண்டும்போது மீண்டும் கேட்கலாம். இது ஏட்டின் குணம். வேண்டிய நூலைத் தேடிப் பெறலாம். இது நூல்வண்டியின் குணம். உடனே மறுமொழி கூறலாம். இஃது அஞ்சலட்டை செய்த பணி. இங்ஙனம் முன்னைக் கருவிகளின் குணங்கள் யாவும் ஒன்றில் திரண்டமையால், பழைய வினாவும் அதனோடு சேர்ந்தே வந்தது.

2020 மார்ச்சில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது அவ்வினா நம் வகுப்பிலேயே எழுந்தது. நம்மிடம் முதுகலை பயின்ற மாணவர் சிலர், வீட்டினுள் அலைவரிசை கிடைக்காமையால் வரப்பில் அமர்ந்து பாடங்கேட்டனர். தொல்காப்பியப் பாடத்தினிடையே கொக்கின் குரலும் பம்புசெட்டின் ஓசையும் கேட்டன. தொடக்கத்தில் நமக்கு அது சுவையாகவே இருந்தது. நான்கைந்து வாரம் கழித்து, மாணவி ஒருத்தி காலை வகுப்பிற்கு ஒருநாளும் வராமையை உணர்ந்து காரணம் வினவினோம். வீட்டில் கைபேசி ஒன்று. அது தந்தையோடு வேலைக்குச் சென்று இரவு ஏழு மணிக்கு மேல்தான் திரும்பும் என்றாள். அதுவரை அவள் பெயருக்கு நேரே நாம் வாராமைக்குறி இட்டு வந்தோம். பணியிடத்திற்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என இரண்டு கருவி இல்லாத வீட்டில், பணியிடமே முந்திக்கொள்ளும். அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இக்குறையை வேறு வழியில் அணுகியது. தெருவிலேயே தன்னார்வலர், அவருள்ளும் பெரும்பாலோர் பெண்கள், மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தனர். கிராம சேவகர் வானொலிக்குச் செய்த பணியை இவர்கள் கைபேசிக்குச் செய்தனர் எனலாம்.

தொழிலாளர் கைக்கே கருவி சென்ற இடத்தில் நிகழ்ந்தது யாது? இதற்குத் தேனி மாவட்டம் விடை தருகின்றது. அங்குப் பொதுநல நாடுகளின் கற்றல் அமைப்பின் துணையுடன் ‘விடியல்’ என்னும் மகளிர் அமைப்பு, ஆடு வளர்க்கும் பெண்கள் வங்கிக்கடன் பெறும்போதே கைபேசியும் பெறச் செய்தது. ஆட்டின் நோய், தீவனம், விற்பனை பற்றிய குரற்செய்திகள் நாள்தோறும் வந்தன. மேய்ச்சல் நிலத்திலேயே அவர்கள் கேட்டனர். எழுத்தறிவு அதற்குத் தடையாக இருக்கவில்லை. ஆடும் அவர்க்குரியது, கடனும் அவர் பெயரில், கருவியும் அவர் கையில். காவிரிப் படுகையின் நடவுப் பெண்ணுக்கு இம்மூன்றும் ஒருங்கே அமைந்ததில்லை. நூறுநாள் வேலை நடைபெற்ற இடங்களில், நாளுக்கு இருமுறை தொழிலாளரைப் படமெடுத்து வருகை பதியும் செயலி 2023 சனவரி முதல் கட்டாயமாயிற்று. அரசின் கைபேசி வேலையிடத்தில் அவளைத் தேடி வந்தது. வந்தது கற்பித்தற்கு அன்று, எண்ணுதற்கு.

சென்ற குறுவை நடவின்போது சொற்றொகுப்பின் பொருட்டுத் திருவையாற்றுக்கு மேற்கே ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். நடவாட்களின் கைபேசிகள் ஞெகிழிப் பையில் சுற்றப்பட்டு வரப்பில் ஒருசேர வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றை எடுத்து, அதிலிருந்த குரற்பதிவுகளை உரியவர் நமக்குக் கேட்பித்தார். மகளின் பள்ளி ஆசிரியை அனுப்பிய வீட்டுப்பாடமும், மறுநாள் எந்த வயலில் வேலை என்னும் செய்தியும், அவர் மாமியார் பாடிய நடவுப்பாட்டு ஒன்றும் இருந்தன. நெல்லைப் பற்றிய பதிவு ஏதும் வருவதில்லையா என வினவினோம். “அதெல்லாம் எங்களுக்கு எதுக்குங்க அனுப்பப் போறாங்க? நாத்துமுடி வந்துச்சு, நடுறோம்” என்றார். நடுவது என்ன நெல் எனக் கேட்டதற்கு, நிலத்துக்காரரைக் கேட்குமாறு கூறினார். அப்போது வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் நிமிர்ந்து, கையிலிருந்த நாற்றைத் திருப்பிப் பார்த்து, “முப்பத்தேழுதான். இலையப் பாத்தாத் தெரியாதா?” என்றார். கரையேறி நிலத்துக்காரரையும் கேட்டோம். அவர் கைபேசியைத் திறந்து, விதை வாங்கிய சீட்டின் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, ஏ.டி.டி. 37 என்றார்.